ஒரு டேம்பர் குறைவாக நின்ற நாட்கள்

நிலநடுக்கத்தில் கட்டடத்தின் ஆட்டத்தை உறிஞ்சும் டேம்பர் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் நாங்கள் கேள்விப்படாத மென்பொருள்கள் எல்லாம் இன்று உங்கள் மேசையில் இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்கள் புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது, கணக்கைப் பற்றி எழுதக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நான் தவித்த சில வாரங்கள் உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பாலம் கட்டுகிறவர்களுக்கு அது திறந்த அன்றே லாரி ஓடிக் காட்டிவிடும். தொட்டி கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் நிரப்பியதும் தெரிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. நிலநடுக்கம் வந்தால்தான் நம் வேலை நன்றாக இருந்ததா என்று தெரியும். அது வரவே கூடாது என்றும் நாமே நினைக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி உட்காரத் தெரியவில்லை. உங்களில் சிலருக்கும் தெரியாமல் போகலாம்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், வடக்குத்து என்ற ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். முதலில் அதைத் தங்கும் விடுதியாகக் கட்டியிருந்தார்கள். கீழ்த்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடம். அங்கே சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். மேலே மூன்று தளங்களிலும் அறைகள், அறைக்கு அறை செங்கல் சுவர். நிலம் அசைந்தால் மேல்தளங்கள் எல்லாம் ஒரே பெட்டியாக விறைத்து நிற்கும். அசைவு முழுவதும் கீழே இருக்கும் வெறும் தூண்களின் தலையில் வந்து விழும். நம் ஊர்களில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான் நிற்கின்றன.

அதை வாங்கி மருத்துவமனையாக்கியவர் டாக்டர் கயல்விழி. அந்த ஊர்ப் பெண்தான். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, அந்த வருமானத்தில் மகளைப் படிக்க வைத்தார். டாக்டர் மேற்படிப்பு படிக்கும்போது வட இந்தியாவில் ஒரு நிலநடுக்கம். மருத்துவக் குழுவோடு போயிருக்கிறார். முதல் நாள் என்னிடம் பேசும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடிபட்டவங்கள எங்க கொண்டுபோறதுன்னு கேட்டா, அங்க இருந்த ஆஸ்பத்திரியே கீழ கெடந்துச்சு மேடம். எங்க ஊர்ல அது மாதிரி ஒன்ன நான் கட்டி வைக்கக் கூடாது."

கீழ்த்தளத்தில் நான்கு பக்கமும் தூண்களுக்கு நடுவே குறுக்காக எஃகுச் சட்டங்கள் கொடுத்து, அவற்றில் டேம்பர்களைப் பொருத்தினோம். பக்கத்துக்கு இரண்டு. பார்க்க பைக்கின் ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கும், ஆனால் ஆள் உயரம். கட்டடம் அசையும்போது அதன் தண்டு உள்ளே போய் வெளியே வரும், உள்ளே இருக்கும் திரவம் அந்த வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, அது வேலை செய்ய வேண்டுமானால் கட்டடம் கொஞ்சம் அசைந்தே ஆக வேண்டும். பின்னால் வந்த சண்டை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வேலை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, வழக்கமான பரிசோதனைக்காகச் சென்னையிலிருந்து போனேன். எனக்கு நெய்வேலி புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள், பள்ளி ஆசிரியை. அவள் வீட்டில் பையை வைத்துவிட்டு, அவளுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்கு வந்தேன்.

முன்வாசலையே காணோம். சாலையை அகலப்படுத்தியதில் வாசலை அடைத்து, பக்கவாட்டுச் சந்து வழியாக வண்டிகளை உள்ளே விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டு டேம்பர்களில் ஒன்று இல்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி, படுக்க வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி வழியாக வண்டி வரும் தடம் சிமெண்டுத் தரையில் கறுப்பாகத் தெரிந்தது. அது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூலையில், மெடிக்கல் கடையை ஒட்டிய இரண்டு தூண்களுக்கு நடுவே, 'ப' வடிவக் கனமான இரும்புச் சட்டத்தை, அதாவது சேனலை, குறுக்காக வைத்து, தூண்களில் போல்ட் போட்ட தகடுகளோடு வெல்டிங் செய்திருந்தார்கள். பெயிண்ட் கூட அடித்திருந்தார்கள். சிவப்புப் பெயிண்ட்.

டாக்டரின் தம்பி இளங்கோ ஓடி வந்தார். நிர்வாகம் முழுவதும் அவர்தான், மெடிக்கல் கடையும் அவருடையது. நான் கேட்பதற்கு முன்பே அவரே ஆரம்பித்தார்.

"கோச்சிக்காதீங்க மேடம். முன்னாடி வாசல் போயிட்டதால ஆம்புலன்ஸ் இப்படித்தான் வந்தாவணும். உங்க கம்பி குறுக்க நின்னுகினு இருந்துச்சு. ஒரு நாளு மழையில ஒருத்தர சந்துலயே எறக்கி, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிகினு ஓடியாந்தோம். லிப்ட்டு வாசல்ல அவருக்கு மூச்சு நின்னு போச்சு. அக்காதான் நெஞ்ச அமுக்கி அமுக்கி உசுரக் கொண்டாந்துச்சு. அதுக்கப்புறம் நான் எதுக்குங்க யோசிக்கணும்?"

"கழட்டினது புரியுது. இது எதுக்கு?" என்று சிவப்புச் சேனலைக் காட்டினேன்.

"ஒன்னு எடுத்துட்டமே, அதுக்கு பதிலா பலமா இருக்கட்டும்னு வச்சோம். நம்ம முத்து, மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வெல்டரு, நல்ல வேலக்காரரு. உங்களுது ஆடுற ஐட்டம். இது ஆடவே ஆடாது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் இடத்தில் நானிருந்து, பொறியியல் படிக்காமலும் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. முந்திரித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பண்ருட்டியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். மூச்சுத் திணறல். வண்டி சந்தில் திரும்பி, டேம்பர் இருந்த இடைவெளி வழியாக நேராக லிப்ட் வரை வந்து நின்றது. கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சர் உருண்டு லிப்டுக்குள் போய்விட்டது. இளங்கோ என்னைப் பார்த்தார்.

வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒன்றுக்காக, தினமும் வருகிற ஆம்புலன்ஸை நிறுத்து என்று எப்படிச் சொல்வேன்? அந்த டேம்பரைப் பழைய இடத்தில் மாட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் சிவப்புச் சேனலை அப்படியே விடவும் முடியாது.

சென்னையில் என் மேலாளருக்கு போன் செய்தேன். "நம்மளைக் கேக்காம மாத்திட்டாங்க. நம்ம பொறுப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க," என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. போனை வைத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். வாட்ச்மேன் இரண்டு முறை நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டு முறையும் உட்காரவில்லை.

டாக்டர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். வெல்டிங் செய்த விஷயம் அவருக்குத் தெரியும். நல்லதுக்குத்தான் என்று நினைத்திருந்தார். "அந்த இரும்ப முதல்ல அறுத்து எடுக்கணும் டாக்டர்," என்றேன்.

"அதுக்குப் பதிலா என்ன வைப்பீங்க?"

"இப்போதைக்கு ஒன்னும் வைக்க முடியாது. கழட்டின டேம்பரப் புது இடத்துல மாட்டறதுக்கு பிராக்கெட் செஞ்சு வரணும். சில வாரம் ஆகும்."

"அப்ப அது வரைக்கும் வெறுமனேவா நிக்கும்? இருக்கற இரும்ப எடுத்தா பலம் கொறையாதா மேடம்? மேல டயாலிசிஸ் ஓடுது. அவங்கள நம்பி நான் இருக்கேன், என்ன நம்பி அவங்க இருக்காங்க."

வாட்ச்மேன் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை வழவழப்பான டைல்ஸ் தரைக்கு இழுத்தேன். இளங்கோவிடம் அதன் ஒரே ஒரு காலை மட்டும் ஷூவால் அழுத்தி மிதித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு நாற்காலியின் முதுகைத் தள்ளினேன். அது நேராக நகரவில்லை. அவர் மிதித்திருந்த காலைச் சுற்றி ஒரு திருகு திருகியது. எதிர்ப் பக்கத்துக் கால் தரையைக் கிறீச்சிட்டுக்கொண்டு எங்கேயோ போய் நின்றது.

"கட்டடத்துல ஒரு மூலைய மட்டும் ஆடாமப் பிடிச்சா இதுதான் ஆகும். மொத்த பாரமும் நீங்க பிடிச்ச மூலைக்கு வரும், அந்தத் தூண் தாங்காது. எதிர் மூலை இழுபடும். மிச்சம் இருக்கற டேம்பரும் வேலை செய்யாது. ஒன்னு கொறைஞ்சாப் பரவாயில்ல, இது இருக்கக் கூடாது."

இளங்கோ இன்னும் காலை எடுக்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார் கடைசியில். "பிராக்கெட்டு எங்க வைப்பீங்க?"

ஆம்புலன்ஸ் வழியை விட்டால் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரே ஓர் இடைவெளிதான் இருந்தது. மெடிக்கல் கடைக்குள். சொன்னேன். அவர் முகம் மாறியது. "அந்தக் கடைய நான் ஒவ்வொரு பலகையா பாத்துப் பாத்து வச்சேன்," என்று என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் சொன்னார். அவர்களுக்குள் நான் நிற்கக் கூடாது என்று தள்ளிப் போய் நின்றேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது டாக்டரின் கண் கலங்கியிருந்தது. "கட பின்பக்கம் போவட்டும் மேடம். நாளைக்கே அறுக்கச் சொல்லுங்க," என்றார்.

மறுநாள் காலை முத்து வந்தார். தான் வைத்ததைத் தானே அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. "நாலு லாரி மோதினாலும் அசையாதுங்க இது," என்றார். "அசையாததுதான் முத்து பிரச்சினை," என்றேன். சேனலைச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, கேஸ் கட்டரால் மேல் முனையை அறுத்தார். கடைசி இழை அறுபட்டபோது, இறுகிக் கிடந்த இரும்பு விடுபட்டு 'டங்' என்று ஒரு சத்தம். தூணிலிருந்து கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. மேலே இருந்து ஒரு நோயாளியின் மனைவி படிக்கட்டில் ஓடி வந்து, "இன்னாத்த இடிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? இடிக்கவில்லை, பாதுகாப்பாக்குகிறோம் என்றேன். அவள் சங்கிலியில் தொங்கிய சேனலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேலே போய்விட்டாள்.

பிராக்கெட்டுகளுக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருக்கலாம். மேலாளரும் அதையே கேட்டார். விடுப்பு போட்டுவிட்டுத் தங்கை வீட்டிலேயே தங்கினேன். அங்கே இருந்து நான் எதையும் செய்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போக முடியவில்லை. நான் சொல்லித்தான் அந்த இரும்பை எடுத்தார்கள். எடுத்தது சரி என்று தாளில் என்னால் நிரூபிக்க முடியும். ஆனால் அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு டேம்பர் குறைவு என்பதைத் தாள் மறைக்காது.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு நில அதிர்வு ஒரு பொருட்டே இல்லை. சுரங்கத்தில் கெட்டியான பாறை வந்தால் வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த வாரங்களில் ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து நின்றேன். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்ப்பேன். தங்கைக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏன்க்கா இப்படி வூட்டுக்குள்ளயே ரவுண்டு அடிச்சிட்டு இருக்க? ஒன்னு அங்க போய் உக்காரு, இல்ல இங்க உக்காரு."

அங்கேயும் போனேன். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தினமும் ஒரு தடவை போனேன். இளங்கோ கடைச் சாமான்களைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் டீ சொல்வார், அதிகம் பேச மாட்டார்.

ஒரு மதியம். தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு கை கழுவிக்கொண்டிருந்தேன். தரை என் காலுக்குக் கீழே மெதுவாகப் பக்கவாட்டில் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசின.

"வெடிதான்," என்றாள் தங்கை.

வெடி இல்லை. வெடி ஒரு குத்து குத்தி முடிந்துவிடும். இது முடியவில்லை. நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சிறிய அதிர்வுதான். நகரியத்தில் பலருக்கு மாலையில் டிவி பார்த்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது சிறியது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஸ்கூட்டரை எடுத்தேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை.

வடக்குத்துக்கு வந்தபோது மருத்துவமனையில் இருந்தவர்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் சாலை ஓரத்தில் நின்றார்கள். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர், பச்சைக் குழந்தையோடு ஒரு பெண். லிப்டை நிறுத்திவிட்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் வெளியே இல்லை. என் போன் அடித்தது. அவர்தான்.

"மேடம், ரெண்டாவது மாடியில இருக்கேன். ஆறு பேருக்கு டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்கு. ரத்தம் மெஷின்ல இருக்கு. அவசரமா கழட்டி படிக்கட்டுல எறக்கினா ஒருத்தர் ரெண்டு பேர் தாங்க மாட்டாங்க. எறக்காம விட்டா..." நிறுத்தினார். "எறக்கவா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

என் நாக்கு நுனியில் 'வேண்டாம்' இருந்தது. கணக்கு தெரியும், அந்த அளவு அசைவுக்கு அந்தக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. 'இறக்குங்கள்' என்றும் சொல்லத் தோன்றியது. அப்படிச் சொன்னால் பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டையும் சாலையில் நின்றபடியே சொல்லிவிடலாம். இளையவர்களே, இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் சொல்லாதீர்கள். போய்ப் பாருங்கள்.

"இருங்க டாக்டர். தூணப் பாத்துட்டுச் சொல்றேன். அது வரைக்கும் மெஷின நிறுத்தாதீங்க," என்றேன்.

எல்லோரும் வெளியே வந்த இடத்துக்குள் நான் போனேன். பின்னால் காலடிச் சத்தம். இளங்கோ. "வெளிய இருங்க," என்றேன். "என் அக்கா மேல இருக்குது," என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. அவர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

டேம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண்ணெய் கசியவில்லை. தண்டுகளில் தூசி படிந்திருந்தது. ஒவ்வொரு தண்டிலும், உறைக்குள் நுழையும் இடத்தில், மெல்லிய கோடு அளவுக்குத் தூசி துடைத்த மாதிரி பளபளத்தது. உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. அத்தனை ஆண்டுகளில் நான் பொருத்திய ஒன்று அசைந்ததற்கான அடையாளத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். சந்தோஷப்பட நேரமில்லை.

சிவப்புச் சேனல் இருந்த மூலைக்கு வந்தோம். தூணின் தலைப்பகுதியில், அறுத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விரிசல். சாய்வாக, உள்ளங்கை நீளத்துக்கு.

"இது முன்னாடி இருந்துச்சா?" என்றேன்.

"தெரியலையே மேடம். பாக்கலையே."

நானும் பார்க்கவில்லை. தினமும் வந்தவள், டேம்பர்களைப் பார்த்தேன், கடையைப் பார்த்தேன், இதைப் பார்த்ததாக நினைவில்லை. விரிசலின் மேல் பாதியில் நூலாம்படை ஒட்டியிருந்தது. அது பழையதாக இருக்கும். கீழ்ப் பாதி புதிதாக, சுத்தமாக இருந்தது. தரையில் கொஞ்சம் வெள்ளைத் தூள். கான்கிரீட்டுக்குள் போகும் சாய்வு விரிசல் என்றால் அந்தத் தூணை நம்ப முடியாது. அப்போது ஆறு பேரையும் இறக்கித்தான் ஆக வேண்டும், தாங்கினாலும் தாங்காவிட்டாலும். போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

"இளங்கோ, கொத்தறதுக்கு ஏதாவது இருக்கா?"

ஓடிப்போய் அவருடைய காரிலிருந்து டயர் கழற்றும் ஸ்பேனரைக் கொண்டுவந்தார். அதன் தட்டையான முனையை விரிசலில் வைத்து நெம்பினேன். ஸ்பேனர் வழுக்கியது. "குடுங்க," என்று வாங்கி அவர் நெம்பினார். பூச்சு ஒரு தகடாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். உள்ளே கான்கிரீட் சாம்பல் நிறத்தில், முழுசாக இருந்தது. கையால் தடவினேன். நகத்தால் கீறினேன். கோடு கூட இல்லை. கேஸ் கட்டிங்கின் சூட்டில் பூச்சு தளர்ந்து விரிசல் விட்டிருக்கிறது, இந்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அவ்வளவுதான். ஒரே ஒரு தூணைப் பார்த்து நம்பக் கூடாது என்று மற்ற தூண்களின் தலைகளையும் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். "ஓடட்டும் டாக்டர். இருக்கறவங்கள எறக்க வேணாம். புதுசா யாரையும் மேல ஏத்தவும் வேணாம், நான் முழுசாப் பாத்து முடிக்கற வரைக்கும்."

"நிச்சயமா?"

"தூணு நல்லா இருக்கு. மறுபடியும் பெருசா ஆடுமான்னு எனக்குத் தெரியாது."

"சரி," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிராக்கெட்டுகள் வந்தன. கடை இருந்த இடைவெளியில் டேம்பரை மாட்டினோம். இளங்கோவின் கடை பின்பக்கத்தில் நன்றாகவே நடக்கிறது, ஆனால் பழைய இடம் மாதிரி இல்லை என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சேனல் இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவ்வளவு சிறிய அதிர்வுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. டேம்பர்களே இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் நினைக்கிறேன். நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்த நாள் எனக்கு எதையும் தரவில்லை. இந்தத் தொழில் உங்களுக்கும் அதைத் தராமல் போகலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

ஆனால் அந்த மதியத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

டாக்டரிடம் பேசிவிட்டு போனைப் பையில் போட்டேன். வெளியே போய் எல்லோருடனும் நிற்கலாம். இளங்கோ வாசலைப் பார்த்து நடந்தார். நான் படிக்கட்டில் ஏறினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. மேலே ஆறு பேரைப் படுத்திருக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் வானத்துக்குக் கீழே நிற்க என்னால் முடியவில்லை.

டயாலிசிஸ் அறையில் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. துணைக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு செவிலியரும் டாக்டரும் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் செல்வராசு என்று ஒருவர், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். முன்பு இரும்பை அறுத்தபோது ஓடி வந்து கேட்டாளே, அவளுடைய கணவர். அவள் கீழே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவர் கையில் ஊசி, குழாயில் ரத்தம், அசைய முடியாது. முகம் முழுக்க வியர்வை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான அந்த இரும்ப அறுக்கச் சொன்னவங்க?" என்றார்.

"ஆமாங்க."

"எங்க வூட்டுப் பொம்பள சொல்லிச்சு. பயந்துகினு இருந்துச்சு." கூரையைப் பார்த்தார். "மறுபடியும் ஆடுமாங்க?"

"தெரியாதுங்க. ஆடலாம்."

"ஆடுனா நிக்குமா?"

"நிக்கும்னு நெனைக்கிறேன். கீழ பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கை முழுக்கச் சிமெண்டுத் தூள். காலில் செருப்பு இல்லை என்று அவர் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எல்லாம் கீழ ஓடிட்டாங்க. நீங்க மேல வந்து ஒக்காந்துகினு இருக்கீங்க," என்றார். "அப்பச் சரி."

கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு மெஷின் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.